இருட்டை விலைக்கு வாங்கலாமா?

சென்னைக்கு வடக்கே, திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையில், விம்கோ நகர் என்று ஒரு பேட்டை இருக்கிறது. ஊர்ப் பெயர்களுக்கு ஸ்தல புராணம் சொல்லுவது நம் வழக்கம். இந்தப் பெயருக்குப் புராணம் தேட வேண்டியதில்லை. சுவீடன் தேசத்துத் தீப்பெட்டி முதலாளிகள் 1923-ஆம் வருஷத்தில் நம் நாட்டில் ஆரம்பித்த ‘வெஸ்டர்ன் இந்தியா மாட்ச் கம்பெனி’ என்ற நீண்ட பெயரைச் சுருக்கினால் ‘விம்கோ’ ஆகும். அந்தக் கம்பெனியின் தொழிற்சாலை திருவொற்றியூரில் எழும்பியது. ஊருக்குத் தன் பெயரையும் வைத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, சுதேசித் தீக்குச்சியை உரசிக் காட்டினார்கள் என்பது இன்னொரு கதை.

ஆக, இருட்டை விரட்டும் தொழிலில் பெயர் பெற்ற பேட்டை இது. பின்னால் வந்தவையும் அந்தப் பெயருக்குப் பங்கம் செய்யவில்லை. எண்ணூரில் 1948-ல் பிறந்த மோட்டார்த் தொழிற்சாலை, 1970 முதல் 2017 வரையில் புகை கக்கி மின்சாரம் தந்த அனல் மின் நிலையம், இரவும் பகலும் கப்பல்களுக்கு வழிவிடும் துறைமுகங்கள், எல்லாமாகச் சேர்ந்து வடசென்னையில் ராத்திரி என்ற ஒன்றை ஏட்டளவில் மட்டும் மிச்சம் வைத்தன. காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்திலோ, கோழி கூவுவதற்கு முன்பே மீன் ஏலம் எடுக்கப் பெண்கள் கூடையும் கையுமாக நிற்பார்கள். 2021-ஆம் வருஷம் பிப்ரவரி 14-ந் தேதி மெட்ரோ ரயில் விம்கோ நகருக்கு வந்து சேர்ந்தது. நகரத்தின் ஆஸ்பத்திரிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கும் இரவு முறை வேலைக்குப் போகிற பெண்களுக்கு வழி இன்னும் சுலபமாயிற்று.

வழி சுலபமாயிற்று, உறக்கம் சுலபமாகவில்லை. ராத்திரி முழுவதும் விழித்துவிட்டுக் காலையில் வீடு திரும்பும் பெண்ணுக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றும், ஆனால் பிடிபடாது. ஒரு வருஷம் இப்படிக் கழிந்தால் மாதவிலக்கு முன்னும் பின்னுமாகத் தள்ளிப் போவதும் உண்டு. கலியாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தால் கேட்க வேண்டியதில்லை. “விசேஷம் உண்டா?” என்று எதிர்வீட்டு மாமி முதல் ஊரிலிருந்து வரும் பெரியப்பா வரையில் எல்லாரும் விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்தச் சமயத்தில்தான் கையிலுள்ள தொலைபேசி ஒரு யோசனை சொல்லுகிறது: “மெலடோனின் சாப்பிடுங்கள். தூக்கமும் வரும், சினைமுட்டையும் செழிக்கும்.”

ஒரே மாத்திரையில் தூக்கமும் பிள்ளையும்! கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. இதில் எவ்வளவு மெய், எவ்வளவு வியாபாரம் என்று பார்ப்பது அவசியம். ஏனென்றால் இந்த மாத்திரையை நம்புகிறவள் கொடுக்கிற விலை, டப்பாவின் மேல் அச்சிட்ட விலை மாத்திரம் அன்று. அதை நம்பிக் கழிக்கும் மாதங்களும் விலைதான்.

இது உறக்க மருந்து அல்ல

நம் மூளையின் நடுவே, ஓர் அரிசி மணி அளவில், பீனியல் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவ ஞானி தெகார்த் ஆத்மாவின் ஆசனமே அதுதான் என்று முடிவு கட்டினார். விஞ்ஞானிகளுக்கு ஆத்மா அகப்படவில்லை; வேறொன்று அகப்பட்டது. 1917-ல் இரண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் மாட்டின் பீனியல் சுரப்பியை அரைத்துத் தவளைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். அவற்றின் கருமேனி வெளிறிப் போயிற்று. நாற்பது வருஷங்களுக்குப் பிறகு, ஏல் பல்கலைக் கழகத்துச் சரும வைத்தியர் ஆரன் லெர்னர் அந்த வெளிறச் செய்யும் பொருளைத் தேடிப் புறப்பட்டார். வெண்குஷ்டம் முதலிய சரும நோய்களுக்கு வழி கிடைக்கும் என்பது அவருடைய ஆசை. பல்லாயிரம் மாடுகளின் சுரப்பிகளைக் கரைத்து வடித்து, 1958-ல் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு வஸ்துவைப் பிரித்தெடுத்தார். அதற்கு மெலடோனின் என்று பெயரிட்டார். சரும நோய்க்கு அது உதவவில்லை. ஆனால் உலகத்துக்கு ஒரு கடிகாரம் கிடைத்தது.

கடிகாரம் என்று சொன்னதில் மிகை இல்லை. மாலையில் வெளிச்சம் மங்கியதும் இந்தச் சுரப்பி வேலையைத் தொடங்குகிறது. நடுநிசிக்குப் பிறகு, இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில், ரத்தத்தில் மெலடோனின் உச்சத்தை அடைகிறது. விடியலில் வடிந்துவிடுகிறது. கண்ணில் வெளிச்சம் பட்டால் சுரப்பது நின்றுபோகும் என்பதை 1980-ல் ஆல்பிரட் லூயி என்ற அமெரிக்க வைத்தியர் மனிதர்களிடத்திலேயே நிரூபித்தார். அதற்குப் பிரகாசமான ஒளி வேண்டியிருந்தது. ஆனால் படுக்கப் போகுமுன் வீட்டில் சாதாரணமாக எரியும் மின்சார விளக்கே இரவின் மெலடோனின் காலத்தைச் சுமார் ஒன்றரை மணி நேரம் குறைத்துவிடுகிறது என்று 2011-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி தெரிவித்தது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். எலி இரவில் விழித்திருந்து அரிசி மூட்டையைக் குடையும் பிராணி. அதற்கும் இரவில்தான் மெலடோனின் சுரக்கிறது. ஆகவே இது தூக்கத்தின் சுரப்பு அன்று, இருட்டின் சுரப்பு. “வெளியே இருட்டிவிட்டது” என்று சரீரத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் தமுக்கடித்துச் சொல்லுவதே அதன் உத்தியோகம். அந்தச் செய்தியைக் கேட்டுப் படுப்பதோ, எழுந்து ஓடுவதோ அந்தந்தப் பிராணியின் இஷ்டம்.

சினைப்பைக்கு இதில் என்ன வேலை?

அந்தத் தமுக்கொலி சினைப்பைக்கும் கேட்கிறது. 1963-ல் வுர்ட்மன், ஆக்ஸெல்ராடு என்ற விஞ்ஞானிகள் பெண் எலிகளுக்கு மெலடோனின் கொடுத்துப் பார்த்தபோது, அவற்றின் சினைப்பை சிறுத்தது. இவர்களில் ஆக்ஸெல்ராடு பிறகு 1970-ல் வேறோர் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றவர். எலியின் கதை இப்படி என்றால் செம்மறி ஆட்டின் கதை நேர்மாறு. இரவு நீளத் தொடங்கும் பருவத்தில்தான் குளிர் தேசத்துச் செம்மறிகள் இணை சேரும். அந்தப் பருவத்தை முன்கூட்டியே வரவழைப்பதற்காக ஆட்டின் தோலுக்கடியில் மெலடோனின் வைப்பது அந்நாட்டு இடையர்களுக்குப் பழகிப் போன காரியம். ஒரே செய்தி, ஒரு பிராணியிடம் சினையை அடக்குகிறது. இன்னொன்றிடம் சினையைத் தூண்டுகிறது.

மனிதர்களிடம் எப்படி? 1987-ல் பெண்களின் சினைமுட்டையைச் சூழ்ந்திருக்கும் நீரைப் பரிசோதித்தார்கள். அதில் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகமான மெலடோனின் இருக்கக் கண்டார்கள். பிராணவாயு சரீரத்துக்குள் எரியும்போது சில உக்கிரமான துணுக்குகள் பிறந்து உயிரணுக்களை அரிக்கின்றன. மெலடோனின் அவற்றை அடக்க வல்லது என்பது 1993-ல் தெரியவந்தது. முட்டை முதிர்ந்து வெளிப்படும் வேளையில் அதைக் காவல் காக்கவே சினைப்பை மெலடோனினைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது என்று பலர் கருதுகிறார்கள்.

இதுவும் கேளுங்கள். கர்ப்பிணியின் மெலடோனின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குச் செல்லுகிறது. இருட்டறையாகிய கருப்பையில் கிடக்கும் சிசுவுக்கு, இது பகல், இது இரவு என்று சொல்லித் தருவது தாயின் ரத்தமே. பிறந்த பிறகும் சில மாதங்கள் வரையில் குழந்தைக்குச் சொந்தக் கடிகாரம் சரியாக ஓடுவதில்லை. தாயின் இரவுப் பாலில் மெலடோனின் இருக்கிறது. பகற் பாலில் அநேகமாக இல்லை. தாலாட்டுப் பாடுவதற்கு முன்பே தாய் தாலாட்டிக் கொண்டிருக்கிறாள் என்று சொல்லலாம்.

இவ்வளவு தூரம் கேட்டவர்கள், “அப்படியானால் மாத்திரை நல்லதுதானே?” என்று எண்ணுவது இயற்கை. வியாபாரிகள் கதையை நிறுத்துகிற இடமும் இதுதான். நாம் மேலே போவோம்.

பிள்ளை தரவும் பிள்ளையைத் தடுக்கவும்

மெலடோனினை முதல்முதலில் பெண்களுக்குப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தது குழந்தை பிறப்பதற்காக அல்ல, பிறக்காமல் இருப்பதற்காக! ஹாலந்து தேசத்தில், நாள் ஒன்றுக்கு 300 மில்லிகிராம் மெலடோனினைக் கர்ப்பத்தடை மாத்திரையின் பொருளோடு சேர்த்துக் கொடுத்தால் முட்டை வெளிப்படுவதைத் தடுக்க முடிகிறது என்று 1992-ல் அறிக்கை வெளியிட்டார்கள்.

பதினாறு வருஷம் கழித்து, 2008-ல், ஜப்பானிய வைத்தியர்கள் அதே வஸ்துவை நேர் எதிரான நோக்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். சோதனைக் குழாய் முறையில் ஒரு முறை முயன்று, முட்டைகள் சரியாகக் கருவுறாமல் ஏமாந்த 115 பெண்கள். அவர்களில் 56 பேருக்கு இரவு பத்து மணிக்கு 3 மில்லிகிராம் கொடுத்தார்கள். 59 பேருக்குக் கொடுக்கவில்லை. மாத்திரை சாப்பிட்டவர்களின் முட்டைகள் முன்முறையைவிட நன்றாகக் கருவுற்றன: நூற்றுக்கு 20 ஆக இருந்தது 50 ஆயிற்று. கர்ப்பம் தரித்தவர்கள் ஒரு பக்கத்தில் 11 பேர். மறுபக்கத்தில் 6 பேர். பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்த செய்தி இதுதான். ஆனால் இவ்வளவு சிறிய கூட்டத்தில் பதினொன்றுக்கும் ஆறுக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாகவும் நேரக்கூடும் என்பது கணக்கு தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஆகவே ஆஸ்திரேலியாவில் இன்னும் கண்டிப்பான ஒரு சோதனை நடத்தினார்கள். 160 பெண்களை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வெறும் மாவு மாத்திரை; மற்ற மூன்று பிரிவுகளுக்கும் வெவ்வேறு அளவில் மெலடோனின். யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, சாப்பிட்டவளுக்கும் தெரியாது. 2018-ல் முடிவு வெளியாயிற்று. கர்ப்பம் தரித்தவர்களின் விகிதத்தில் வித்தியாசம் இல்லை. முட்டைகளின் எண்ணிக்கையிலும் இல்லை, தரத்திலும் இல்லை.

மாதவிலக்கு வலியின் கதையும் இதே மாதிரிதான். கருப்பையின் உட்சவ்வைப் போன்ற தசை கருப்பைக்கு வெளியே வளர்ந்து, மாதந்தோறும் பெண்ணைத் துடிக்கச் செய்யும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் ஒன்று உண்டு. அதற்கு 10 மில்லிகிராம் மெலடோனின் கொடுத்ததில் வலி நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்தது என்று 2013-ல் பிரேஸில் நாட்டிலிருந்து நல்ல செய்தி வந்தது. பத்து வருஷம் கழித்துச் சுவீடனில் அதைப்போல் இரண்டு மடங்கு கொடுத்துப் பார்த்தார்கள். மாவு மாத்திரையைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை.

இதனால் மெலடோனின் பொய் என்று சொல்லுவதற்கில்லை. கடல் கடந்து விமானத்தில் போகிறவர்களுக்கு நேர மாற்றத்தால் வரும் தொல்லைக்கு அது உதவுகிறது. வயது வந்தவர்கள் சில வாரம் சாப்பிடுவதால் பெரிய கெடுதல் வருவதாகவும் தெரியவில்லை. தலைவலி, கிறுகிறுப்பு, பகல் மந்தம் வரலாம். ஆனால் பிள்ளை வரம் தருமா என்று கேட்டால், நடந்த சோதனைகள் ‘தரும்’ என்று சொல்லவில்லை. அதற்குமேல் சொல்லுகிறவர் வைத்தியர் அல்லர், விற்பனைக்காரர்.

பெயர் கம்மி, சரக்கு ஜாஸ்தி

தூக்கத்தையாவது தருகிறதா என்றால், அந்தக் கணக்கையும் பார்த்துவிடலாம். 19 சோதனைகளைத் திரட்டி 2013-ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியின்படி, மெலடோனின் சாப்பிடுகிறவர்கள் சாப்பிடாதவர்களைவிட ஏழு நிமிஷம் முன்னால் தூங்குகிறார்கள். ஏழு மணி அல்ல, ஏழு நிமிஷம். இரவு வேலை செய்கிறவர்களுக்குப் பகல் உறக்கம் சுமார் 24 நிமிஷம் கூடுகிறது என்று 2014-ல் ஒரு திரட்டு கூறியது. அந்த ஆதாரமும் பலவீனமானது என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

அளவோ இன்னும் விசித்திரம். ரத்தத்தில் இயற்கையாக இரவில் இருக்கும் அளவை எட்டுவதற்கு ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்கே போதும். கடையில் விற்பது 3, 5, 10 மில்லிகிராம். ஒரு கிண்ணம் தண்ணீர் கேட்டவனைக் குளத்தில் தள்ளுவதைப் போன்ற காரியம் இது.

அமெரிக்காவில் 1994-ஆம் வருஷத்துச் சட்டம் இதை ஆகாரத் துணைப் பொருள் என்று வகுத்தது. அதனால் கடைக்குப் போய் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். இங்கிலாந்திலோ வைத்தியர் சீட்டு வேண்டும். ஆகாரம் என்று சொல்லிவிட்டதால் பரிசோதனையும் தளர்ந்தது. கானடாவில் 31 விதமான டப்பாக்களைச் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். மேலே எழுதியிருந்த அளவைவிட நூற்றுக்கு 83 பங்கு குறைவாக இருந்ததும் உண்டு. 478 பங்கு அதிகமாக இருந்ததும் உண்டு. எட்டில் ‘செரொடோனின்’ என்ற வேறு வஸ்து கலந்திருந்தது.

குழந்தைகள் தின்னும் பழமிட்டாயைப் போலச் செய்து ‘கம்மி’ என்ற பெயரில் விற்கிறார்களே, அதை 2023-ல் அமெரிக்காவில் சோதித்தார்கள். 25 வகைகளில் 22 வகைகளில் சீட்டு ஒன்று, சரக்கு ஒன்று. ஒன்றில் மெலடோனின் மருந்துக்குக்கூட இல்லை! சிலவற்றில் சொன்னதைப்போல் மூன்று மடங்கு. பெயர் என்னவோ கம்மி. உள்ளே இருப்பது ஜாஸ்தி. இணையக் கடைகளின் தயவால் இத்தகைய டப்பாக்கள் நம் வீட்டு வாசலுக்கும் வந்து சேருகின்றன.

கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மார்களும், குழந்தைக்காக முயற்சி செய்கிறவர்களும் வைத்தியரைக் கேளாமல் இதைத் தொடக்கூடாது. கர்ப்ப காலத்தில் இது தீங்கற்றது என்று இன்னும் நிரூபணமாகவில்லை. கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களின் ரத்தத்தில் மெலடோனின் வழக்கத்துக்கு மேல் ஏறிவிடும். வலிப்பு நோய்க்கும், ரத்தம் உறையாமல் இருப்பதற்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மிட்டாய் போல் இருக்கிறது என்பதற்காக ஹார்மோன் மிட்டாய் ஆகிவிடாது.

மீனுக்கு இருந்த கவலை

இந்த மாத்திரைக்கு ஏன் இத்தனை கிராக்கி? இரவு பறிபோனதால்தானே?

பெண்களை ராத்திரி வேலை வாங்கக் கூடாது என்று 1919-ல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மகாநாடு ஓர் ஒப்பந்தம் செய்தது. சுதந்திர இந்தியாவின் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமும் இரவு ஏழு மணி முதல் காலை ஆறு மணி வரையில் பெண்களை ஆலைகளில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகத் தடுத்தது. ஆனால் ஒரு சலுகை வைத்தது. மீன் பதனிடும் ஆலைகளில், மீன் கெட்டுப் போகும் என்றால், பெண்களை இரவிலும் வைத்துக்கொள்ளலாம்! மீன் கெடக் கூடாது என்பதில் சட்டத்துக்கு இருந்த அக்கறை மெச்சத்தக்கதே. மீனைச் சுத்தம் செய்கிறவளின் உறக்கம் கெடுவதைப் பற்றி அது பேசவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸுகளோ அந்தச் சட்டத்தின் எல்லைக்கே வெளியே இருந்தார்கள்.

2000-ஆம் வருஷம் டிஸம்பரில் சென்னை உயர்நீதி மன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. பெண் என்ற ஒரே காரணத்துக்காக வேலையை மறுப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. போக்குவரத்து, பாதுகாப்பு, ஓய்வறை முதலியவற்றுக்கு நிபந்தனைகளும் விதித்தது. 2020-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும், பெண்ணின் சம்மதத்தோடு இரவு வேலை கொடுக்கலாம் என்று வழி செய்தது.

இதை நாம் வரவேற்க வேண்டும். பாரத தேசத்துப் பெண்ணுக்கு எந்த வேலையும் பூட்டிய கதவாக இருக்கக் கூடாது. ஆனால் சமத்துவம் என்பது ஆணைப் போலவே பெண்ணும் நோகலாம் என்ற உரிமை அன்று. வேலை நேரத்தில் அவளைப் பத்திரமாகக் காக்கச் சட்டம் இருக்கிறது. அவள் இழந்த இரவைத் திருப்பிக் கொடுக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. அந்தப் பொறுப்பு பாதி முதலாளியுடையது. மீதிப் பாதி வீட்டாருடையது.

டென்மார்க்கில் 22,744 கர்ப்பிணிகளின் வேலைக் குறிப்புகளை ஆராய்ந்து 2019-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். எட்டாவது வாரத்துக்குப் பிறகு, ஒரு வாரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இரவுகள் வேலை செய்தவர்களுக்கு, அடுத்த வாரத்தில் கருச்சிதைவு நேரும் அபாயம் நூற்றுக்கு 32 பங்கு கூடியிருந்தது. இதைப் படித்து யாரும் நடுங்க வேண்டாம். அந்த வாரங்களில் அபாயமே சிறிது. சிறிதில் மூன்றில் ஒரு பங்கு கூடியது என்பதே அர்த்தம். இரவு வேலைதான் காரணம் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. ஆயினும், கர்ப்பம் என்று தெரிந்தவுடன் வைத்தியரின் சீட்டோடு பகல் முறைக்கு மாற்றிக் கேட்பது பெண்ணின் நியாயம். மாற்றிக் கொடுப்பது முதலாளியின் தர்மம். பத்து மில்லிகிராம் மாத்திரையால் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

வீட்டார் செய்ய வேண்டியது

இனி வீட்டுக்குள் வருவோம். பகலில் தூங்குகிற வீட்டில் மூதேவி குடியிருப்பாள் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். இரவெல்லாம் அடுத்தவர் வீட்டு நோயாளியின் தலைமாட்டில் நின்றுவிட்டு வரும் மருமகள் காலை ஒன்பது மணிக்குப் படுத்தால், மாமியாரின் முகம் சற்றுக் கோணுகிறது. மிக்ஸி ஓடுகிறது. தொலைக்காட்சி அலறுகிறது. தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு ஓட வேண்டியவளும் அவள்தான். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஐந்து பேர் வாழும் வடசென்னை வீட்டில் உறக்கத்துக்கென்று தனி இடம் ஏது? பிறகு மாலையில், “உனக்குத் தூக்கமே சரியில்லை, ஏதாவது மாத்திரை சாப்பிடேன்” என்று அதே வீட்டார் அன்போடு சொல்லுகிறார்கள்.

மாத்திரைக்குச் செலவழிக்கும் பணத்தில் ஜன்னலுக்கு ஒரு கறுப்புத் திரை வாங்கலாம். காலை ஒன்பது முதல் பிற்பகல் மூன்று வரையில் அந்த மூலையில் சத்தம் போடுவதில்லை என்று வீட்டில் ஒரு சட்டம் செய்யலாம். தண்ணீர்க் குடத்தைக் கணவன் தூக்கலாம். தூக்கினால் தோள் ஒன்றும் தேய்ந்துவிடாது. காலையில் வீடு திரும்பும்போது வெயில் கண்ணில் படாமல் கறுப்புக் கண்ணாடி அணிவதும், படுத்த பிறகு தொலைபேசியைத் தொடாமல் இருப்பதும் அவள் செய்ய வேண்டியவை. முதலாளிகள் இரவு முறையைத் தொடர்ந்து பல நாள் கொடுக்காமல், மாதத்தின் முறைப் பட்டியலை முன்னதாகவே தெரிவித்தால், அதுவே பெரிய உபகாரம். வெளிநாட்டுத் தீப்பெட்டிக்குப் பதிலாகச் சிவகாசித் தீப்பெட்டி செய்த தேசம் இது. இருட்டையா நாம் இறக்குமதி செய்ய வேண்டும்?

குழந்தை விஷயத்தில் ஒரே வார்த்தை. ஒரு வருஷம் முயன்றும் கர்ப்பம் தரிக்கவில்லை என்றால் வைத்தியரிடம் போக வேண்டும். பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதமே போதும். போகும்போது கணவனும் மனைவியும் சேர்ந்து போக வேண்டும். குறை ஆணிடம் இருப்பதும் வெகு சகஜம். அதற்குச் செய்யும் பரிசோதனையோ மிகவும் எளியது. உலகத்தில் ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்தத் தொல்லை நேருகிறது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2023-ல் கணக்கிட்டது. ஆகவே இதில் வெட்கத்துக்கும் இடமில்லை, ஏச்சுக்கும் இடமில்லை. தைராய்டு கோளாறு, கருக்குழாயைத் தாக்கும் க்ஷயம், சினைப்பைக் கட்டிகள் என்று காரணங்கள் பல. அவற்றுக்குப் பெயர் உண்டு, பரிசோதனை உண்டு, சிகிச்சையும் உண்டு. ரத்த சோகை நம் ராஜ்யத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இருப்பதாக 2019 முதல் 2021 வரை எடுத்த தேசிய ஆய்வு கூறுகிறது. அந்தச் சோகையை எந்தத் தூக்க மாத்திரையும் நீக்காது. விம்கோ நகரிலிருந்து சற்றுத் தெற்கே போனால், ராயபுரத்தில் ராஜா ஸர் ராமசாமி முதலியார் பெயரால் விளங்கும் சர்க்கார் பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. வடசென்னை மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பிறந்த இடம் அது. அங்கே போய் ஒரு முறை கேட்பது, தொலைபேசியை நூறு முறை கேட்பதைவிட மேல்.

மாத்திரைக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் மெய்யான காரணம் கண்டுபிடிக்கப்படாமல் போகிற மாதம். இருபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு அது சிறு நஷ்டம்; முப்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு ஈடு செய்ய முடியாத நஷ்டம். டப்பாவில் அச்சிடாத விலை இதுதான்.

உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இரவு வேலைக்குப் போய்வரும் பெண் இருந்தால், நாளைக் காலையில் அவள் படுத்த பிறகு கதவை மெதுவாகச் சாத்துங்கள். வைத்தியர் சீட்டு வேண்டாத மருந்து அது ஒன்றுதான்.